ஹூக்ளி நதியில் கப்பல் வரும் வழி

சென்ற புரட்டாசியில், பௌர்ணமிக்கு மறுநாள், ஹௌராவிலிருந்து சில காகிதங்களுடன் பேர்லி பிளேஸ் காரியாலயத்திற்குப் புறப்பட்டேன். படகுத்துறையின் கதவு சாத்தியிருந்தது. "பான் வருகிறது, தாதா. அது போன பிறகுதான் படகு" என்றார் துறைக்காரர். வெயில் பளிச்சென்று காய்கிறது. நதியோ சாதுவாகக் கிடக்கிறது. எனக்குச் சினம் மூண்டது உண்மை. பாலத்தின் மேல் நடந்தே போயிருக்கலாமே என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றேன்.

கால் மணி கழித்துத் தெற்கே வெள்ளைக் கோடு ஒன்று தோன்றியது. சிறு படகுகளெல்லாம் கரையை விட்டு நடு ஆற்றுக்குச் சென்று, முகப்பை அக்கோட்டின் பக்கம் திருப்பி நின்றன. மறுகணம் அலைச்சுவர் கரையோரமாக நுரைத்துச் சீறிக்கொண்டு ஓடிவந்தது. மிதவை மேடை சங்கிலியோடு துள்ளிற்று. நடு ஆற்றில் நின்ற படகுகள் ஏறி இறங்கினவே தவிர, ஒன்றும் கவிழவில்லை. கரையிலேயே கிடந்திருந்தால் சுக்குநூறாகியிருக்கும். துறைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டேன்.

நம் ஊர்க் கடற்கரைகளில் ஓதம் இரண்டு மூன்று அடிக்கு மேல் ஏறுவது அபூர்வம். இங்கோ, புனல் போன்ற அகன்ற முகத்துவாரத்தில் நுழையும் கடல்நீர், உள்ளே வரவரக் குறுகும் ஆற்றில் நெருக்குண்டு நிமிர்ந்து எழுகிறது. அதுவே பான். அது வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கணித்து அறிவிப்பவர்கள் துறைமுகத்தார்.

1870ஆம் ஆண்டில் தனி நிர்வாகம் பெற்ற இத்துறைமுகத்திற்கு, 2020 முதல் சியாமா பிரசாத் முகர்ஜி துறைமுகம் என்று பெயர். கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேலாக நதிக்குள் அமைந்தது. எவ்வளவு பெரிய கப்பலின் காப்டனாயினும் இவ்வழியில் தாமே கப்பலை ஓட்டிவர இயலாது. சாகர் தீவுக்கு அப்பால் நதியறிந்த பைலட் ஒருவர் ஏறுவார். கார்டன் ரீச் வந்ததும் அவரிடமிருந்து வேறொருவர் பொறுப்பை ஏற்பார். மணல்திட்டுகள் இடம் பெயர்ந்துகொண்டே இருப்பதால், அளவைப் படகுகள் ஓயாது ஆழம் பார்க்கின்றன. தாமோதர், ரூப்நாராயண் நதிகள் கலக்கும் இடத்திற்கு அருகிலுள்ள திட்டுக்கு 'ஜேம்ஸ் அண்டு மேரி' என்று பெயர். 1694இல் அங்கே மூழ்கிய கப்பலின் பெயர் அது. நம் ரயில்வேயில் எந்த விபத்திற்கும் இத்தனை நீண்ட ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை!

எந்தக் கப்பல் எப்பொழுது நகரலாம், எங்கே நங்கூரமிடலாம் என்று ஆணையிடுபவர் ஹார்பர் மாஸ்டர். ஆனால் அவருடைய அதிகாரம் துறைமுக எல்லையோடு சரி. அதற்கப்பால், கடலில் ஆபத்துற்றவர்களைத் தேடி மீட்கும் பொறுப்பு கடலோரக் காவல் படையினுடையது. கடலில் எண்ணெய் கொட்டினாலும் அவ்வாறே. எல்லைக்குள் துறைமுகத்தார், எல்லைக்கு வெளியே காவல் படையார். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒருவருக்கொருவர் 'லைன் கிளியர்' கொடுத்து வாங்கும் காரியம்தான் இது. ஒருவர் மறந்தாலும் வண்டி நடுவழியில் அனாதையாகும்.

2018 ஜூன் மாதத்தில் இது கண்கூடாயிற்று. கிருஷ்ணபட்டினத்திலிருந்து கொல்கத்தாவிற்குச் சரக்குப் பெட்டிகள் ஏற்றிவந்த 'எஸ்.எஸ்.எல். கொல்கத்தா' என்னும் கப்பல், நதிமுகத்தை அடையுமுன் தீப்பற்றியது. மோசமான வானிலையில் காவல் படையின் 'ராஜ்கிரண்' விரைந்து சென்று, மாலுமிகள் 22 பேரையும் உயிருடன் மீட்டது. கப்பல் தப்பவில்லை. அதன் எண்ணெய் சுந்தரவனக் காடுகளை நாசமாக்குமோ என்ற கவலையே பிறகு பல நாள் எல்லோருக்கும் இருந்தது.

இவ்வளவையும் நான் விசாரித்து அறிந்ததற்குக் காரணம் என் தாயார். மூன்று ஆண்டுகளுக்கு முன், கங்காசாகரத்தில் மகர ஸ்நானம் செய்ய வேண்டுமென்று நாகப்பட்டினத்திலிருந்து வந்தார். நமக்குப் பொங்கல் நாள். இங்கே லட்சோப லட்சம் ஜனங்கள் சாகர் தீவில் கூடும் நாள். காக்துவீப் அருகில், எட்டாம் லாட் துறையில், முரிகங்கையைக் கடக்க நள்ளிரவில் போய் நின்றோம். மூடுபனியால் படகுகளை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் கூச்சலிட்டது. என் தாயார் மட்டும் மூட்டையின் மேல் அமர்ந்து, "நிறுத்தினவன் புண்ணியவான்" என்றார். பனியில் அகப்பட்ட படகுகளால் 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான யாத்திரிகர் தவித்ததும், காவல் படையின் ஹோவர்கிராஃப்டுகள் அங்கே விரைந்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும்.

துறையில் நின்ற காவல் படை இளைஞர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு அருகில் வந்தார். ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை.

"தம்பி, புயல் வந்தால் கரையில் கூண்டு ஏற்றுகிறார்கள். ஏற்கனவே கடலுக்குள் போனவனுக்கு யாரப்பா சொல்வது?" என்று கேட்டார் என் தாயார்.

அவருடைய தமையனார் 1977 நவம்பரில், நாகையைத் தாக்கிய புயலுக்கு முன் கட்டுமரத்தில் சென்றவர், திரும்பவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்றுதான் கடலோரக் காவல் படை தோன்றியது. கடற்படை தந்த ஏழு கலங்களே தொடக்கத்தில் அதன் ஆஸ்தி. பாரத தேசத்தின் நெடுங்கரைக்கு அவை எம்மூலைக்குப் போதும்?

அந்தப் பிள்ளை பொறுமையாக விளக்கினார். அலிப்பூர் வானிலை நிலையத்திலிருந்து எச்சரிக்கை வந்ததும், துறைமுகத்தார் கப்பல்களைப் பத்திரப்படுத்துவார்கள். அதே வேளையில் காவல் படையின் டார்னியர் விமானங்கள் கடலின் மேல் தாழப் பறந்து, மீன்படகுகளுக்கு வானொலியில் அவரவர் மொழியில் கரைதிரும்பச் சொல்லும். ஆபத்தில் 1554 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்றும் சொன்னார்.

"தமிழிலும் சொல்வீர்களா?"

"நம் பக்கத்துக் கடலில் தமிழில்தான் அம்மா சொல்வோம்."

என் தாயார் அந்த எண்ணை இரண்டு முறை சொல்லச் செய்து மனப்பாடம் பண்ணிக்கொண்டார். ஊரில் தமையனாரின் பேரன் இப்பொழுது விசைப்படகில் போகிறான். பத்து மணிக்குப் பனி விலகிற்று. முதல் படகிலேயே எங்களுக்கு இடம் கிடைத்தது.