அவனா, அதுவா?

எங்கள் சுங்கை காடுட் வட்டாரத்தில் தோட்டத்து லயத்தைக் காலி செய்து தாமான் வீட்டுக்குப் போன குடும்பங்கள் பல. சாமான்களைப் பிரிக்கும்போதுதான் வாக்குவாதம் வரும். துருப்பிடித்த பால்வெட்டுக் கத்தியை மகன் பழைய இரும்போடு போடுவான். தாய் அதை எடுத்துத் துடைத்துச் சாமி மேடையில் வைப்பாள். காலமான கணவரின் கத்தி அல்லவா? பொருள் ஒன்றுதான். மகனுக்குக் கண் இனம் பிரித்தது. தாய்க்கு மனம் இனம் பிரித்தது.

இதை நம் இலக்கணம் என்றோ கண்டுகொண்டது. மனிதர் உயர்திணை, மாடும் மரமும் அஃறிணை என்று பள்ளியில் படித்தோம். ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகியவற்றால் திணை மாறினாலும் குற்றமில்லை என்றார். வளர்த்த பசுவை, "என் ராசாத்தி வந்துட்டா" என்கிறோம். கோபம் வந்தாலோ பெற்ற பிள்ளையே "அது" ஆகிவிடுகிறது!

முதலில் பிரித்துவிட்டுப் பிறகு காரணம் தேடுவதும் நம் இயல்புதான். மூளையின் இரு பாதிகளையும் ஒரு நரம்புக் கற்றை இணைக்கிறது. கடும் வலிப்பு நோய்க்காகச் சிலருக்கு அதை அறுத்தார்கள். அவர்களை ஆராய்ந்த அமெரிக்கர் ரோஜர் ஸ்பெர்ரி 1981-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மைக்கேல் கஸானிகா, 1970-களில் அத்தகைய ஒருவரின் இடப்பாதி மூளைக்குக் கோழிக்காலையும், வலப்பாதிக்குப் பனி மூடிய வீட்டையும் படமாகக் காட்டினார். பொருத்தமான படங்களை எடுக்கச் சொன்னதும், வலக்கை கோழியையும் இடக்கை பனி அள்ளும் மண்வாரியையும் காட்டின. மண்வாரி எதற்கு என்று கேட்டார். பேசும் இடப்பாதிக்குப் பனி தெரியாது. ஆனாலும், கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய என்று தயங்காமல் காரணம் சொன்னது!

இதைக் கொண்டு இடமூளைக்காரர், வலமூளைக்காரர் என்று மனிதரைப் பிரிக்க வேண்டாம். நம்மிடம் இரு பாதிகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆனால் நாம் சொல்லும் காரணமெல்லாம் உண்மைக் காரணமாகிவிடாது என்பதை நினைவில் வைப்போம்.

பரீட்சைத் தாளைக் கண்ட கோபத்தில், "இது எங்கே உருப்படப் போகுது" என்கிறோம். பிறகுதான் விளையாட்டுப் புத்தி, மந்த புத்தி என்று காரணங்களை அடுக்குகிறோம். கோபம் மாலைக்குள் ஆறிவிடும். பிள்ளையோ அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே மறுநாளும் பள்ளிக்குப் போவான்.

தாய்மார்களே, தந்தையரே, கோபம் ஆறட்டும். பிறகு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எந்தக் கணக்கு வரவில்லை என்று கேளுங்கள்.