மூணு கிளாவர்

பதின்மூன்று சீட்டையும் விசிறியாக விரித்தபோது மனசு குளிர்ந்தது. டைமனில் ஏஸ், ராஜா, ஜாக்கி, ஒன்பது, ஏழு, நாலு. இஸ்பேடில் ராஜா, ஜாக்கி, அஞ்சு. ஆர்ட்டினில் ஏஸும் மூணும். கிளாவர்தான் தரித்திரம், ஆறும் ரெண்டும். பிரிட்ஜில் ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூணு, ராணிக்கு ரெண்டு, ஜாக்கிக்கு ஒன்று. கட்டு முழுக்க 40 பாயிண்ட். என் கையில் மட்டும் 16. “ஒரு டைமன்” என்று கம்பீரமாகக் கேட்டேன். எதிரே இருந்த பார்ட்னர், ஓய்வுபெற்ற பேங்க்காரர், “ஒரு இஸ்பேட்” என்றார். அதோடு என் சந்தோஷம் முடிந்தது.

நான் இருபத்தெட்டு ஆடி வளர்ந்தவன். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே 1931 முதல் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயிலில், முட்டியோடு முட்டி இடிக்க நாலு பேர் உட்கார்ந்து, மடியில் ப்ரீஃப்கேஸைப் படுக்கவைத்து, அதன்மேல் துண்டை விரித்து ஆடிக் கற்றது. அங்கே ஜாக்கிதான் பெரிய ஆள். நாலு சீட்டு வந்ததுமே கேட்க ஆரம்பிக்கலாம். கேள்வியை எடுத்தவன் துருப்பைக் கவிழ்த்து வைத்துவிடலாம். பார்ட்னருக்குக்கூடச் சொல்ல வேண்டாம். பிரிட்ஜில் அந்தச் சௌகரியம் கிடையாது. கேட்பதெல்லாம் ஊரறியத்தான். “உங்க பார்ட்னர் கேட்டதுக்கு என்ன அர்த்தம்?” என்று எதிராளி விசாரித்தால் மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். பேசக் கிடைப்பதோ மொத்தம் 38 சொல். ஒன்றிலிருந்து ஏழுவரை நாலு வகைக்கும் நோ ட்ரம்ப்புக்குமாக 35. பாஸ், டபுள், ரீடபுள் மூன்று. அதில் ‘ஆனால்’ என்ற சொல் இல்லை. எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அதுதான்.

முதல் கேள்வி யாருக்கும் வரும். இரண்டாவதில்தான் ஆள் மாட்டுவான். ரெண்டு டைமன் என்றால் பார்ட்னர் ‘சுமாரான கை’ என்று பாஸ் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துபோவார். ரெண்டு இஸ்பேட், 12 பாயிண்ட்டோடு இறங்கியவன் சொல்வது. மூணு இஸ்பேட் என்றால் கையில் நாலு இஸ்பேட் இருப்பதாகச் சத்தியம் பண்ணுவது மாதிரி; என்னிடம் மூணுதான். நோ ட்ரம்ப் பக்கம் போனால் கிளாவர் கதவில்லாத வீடு. மிச்சம் மூணு டைமன். பலமும் சரி, ஆறு டைமனும் சரி, இஸ்பேட் ராஜா மட்டும் பூமிக்குள் போய்விடுவார். கல்பர்ட்சன் 1929இல் ஆரம்பித்த ‘தி பிரிட்ஜ் வேர்ல்ட்’ பத்திரிகையின் பெயரைச் சேர்த்து இந்தமாதிரிக் கைக்கு ‘மரணக் கை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர் என் வராந்தாவில் உட்கார்ந்து ஆடியிருக்க வேண்டும்.

மூணு டைமன் என்றேன். பார்ட்னர் தாடையைச் சொறிந்தார், விட்டத்தைப் பார்த்தார், “பாஸ்” என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, இருந்ததே ஆறு பாயிண்ட். ஆனால் அந்த ஆறும் இஸ்பேடில்: ஏஸ், ராணி, எட்டு, ஏழு, மூணு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு கையையும் மேஜையில் பரப்பினோம். நாலு இஸ்பேடை விளையாடத் தெரியாதவனும் ஜெயித்திருப்பான். மூணு டைமனுக்குக் கோட்டுக்குக் கீழே 60. நாலு இஸ்பேடுக்கு 120. கேமுக்கு வேண்டியது 100.

“இஸ்பேட் மூணு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா சார்?”

“எந்த வார்த்தையில சார் சொல்றது?”

அவரிடம் பதில் இல்லை. ராத்திரி படுக்கையில் எனக்கு வந்தது: மூணு கிளாவர். இல்லாத கிளாவரை இருக்கிறதாகச் சொல்வது, பச்சைப் பொய். 19 பாயிண்ட் கையில் இருப்பவன் சொல்வது அது, கேம் வரை பார்ட்னர் பாஸ் போடக்கூடாது. அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் அவர் தம்முடைய அஞ்சு இஸ்பேடைக் காட்ட மறுபடி இஸ்பேட் கேட்டிருப்பார், நான் நாலுக்கு ஏற்றியிருப்பேன். அவரிடம் நிஜமாகவே கிளாவர் இருந்து ஆசையாக ஏறி வந்தாலும், நாலு டைமன் என்று நான் விலகிக்கொள்ள வழி உண்டு. இஸ்பேடில், ஆர்ட்டினில் பொய் சொன்னால் இப்படித் திரும்ப முடியாது. பார்ட்னர் பிடித்த பிடியை விடமாட்டார். ரெண்டு இஸ்பேட் என்று அடக்கி வாசிப்பதே உத்தமம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது கோழைத்தனமாகப் படுகிறது.

வீட்டில் இதைச் சொன்னால், “சீட்டாட்டத்துக்கா இவ்வளவு?” என்கிறார்கள். 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்னபோது பிரிட்ஜைத்தான் ஒப்பிட்டுக் காட்டியது என்றேன். எடுபடவில்லை. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பிரணாப் பர்தன் தமது 60 வயதில் ஷிப்நாத் சர்க்காருடன் சேர்ந்து பிரிட்ஜில் தங்கம் வாங்கியதைச் சொன்ன பிறகு, ஞாயிற்றுக்கிழமை காபி மட்டும் தடையில்லாமல் வருகிறது.

பேங்க்காரர் போன மாதம் மகள் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார். மூன்று பேர் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சேலையூர், கேம்ப் ரோடு, மாடம்பாக்கம் பக்கம் யாராவது இருந்தால் வாருங்கள். இருபத்தெட்டு தெரிந்தாலே போதும், மிச்சத்தைச் சொல்லித்தருகிறோம். நான் மூணு கிளாவர் கேட்டால் மட்டும் பாஸ் போட்டுவிடாதீர்கள்.