கண்ணாடிக்குள் ஒரு குளம்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

மீன்தொட்டி என்றதும் நம் கண்முன் தோன்றுவன மீன்களே. ஆனால் தொட்டியில் வாழ்பவை மீன்கள் மட்டுமல்ல. செடிகள் உண்டு, நத்தைகள் உண்டு, மணலிலும் கல்லிலும் கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் உண்டு, அழையா விருந்தாளியாக வந்து சேரும் பாசியும் உண்டு. இவை யாவும் ஒன்றுக்கொன்று அனுசரித்து வாழ்ந்தால்தான் நீர் தெளிந்திருக்கும். ஒன்று மிஞ்சினால் மற்றவை வாடும். இவ்வுண்மையைப் பாடநூலில் படித்ததைவிட, எங்கள் அறிவியல் ஆய்வுக்கூடத்துத் தொட்டியைப் பார்த்தே இவ்வாண்டு நாங்கள் நன்கு கற்றுக்கொண்டோம்.

அத்தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரம் கொண்டது. அடியிலுள்ள மணலும் மேலே விடும் இடமும் போக, ஏறத்தாழ 100 லிட்டர் நீர் பிடிக்கும். கிழக்கு ஜன்னலை ஒட்டி அதை வைத்திருக்கிறார்கள். அதில் கப்பி மீன்களும் மோலி மீன்களுமாக 16 மீன்கள் இருந்தன. வாலிஸ்நேரியாச் செடிகள் நாடா போன்ற இலைகளை விரித்து ஒரு மூலையில் நின்றன.

கோடை விடுமுறை கழிந்து ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அந்த மீன்களை எங்களால் காண முடியவில்லை! நீர் முழுவதும் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் இருந்தது. கண்ணாடியில் மூக்கு உரசும்படி நின்று பார்த்தால்தான் எப்போதாவது ஒரு வால் அசைவது தெரியும். முதல் வாரத்திலேயே இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. தலைமை ஆசிரியை அம்மையார் வந்து பார்த்தார்கள். “காலாண்டுத் தேர்வுக்குள் நீர் தெளிய வேண்டும். இல்லாவிட்டால் மீன்களை யாரிடமாவது கொடுத்துவிட்டு, இந்த இடத்தில் ஓர் அலமாரி போட்டுவிடலாம்” என்று சொல்லிச் சென்றார்கள். தொட்டியைக் காக்கும் பொறுப்பை எங்கள் வகுப்பு ஏற்றது.

முதலில் எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் எழுந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் விடியற்காலைப் படிப்பு நேரத்தில் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, “மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றன” என்றார்கள். வீட்டிலிருந்து வருவோர் நண்பகலில் பார்த்துவிட்டு, “அப்படி ஒன்றுமில்லை, நன்றாகத்தான் நீந்துகின்றன” என்றார்கள். யார் சொல்வது மெய்? அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடமே வழக்கைக் கொண்டு சென்றோம்.

சிஸ்டர் சிரித்துக்கொண்டே, “இரு கட்சியும் சொல்வது மெய்தான். பகலில் பாசி என்ன செய்கிறது, இரவில் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள்” என்றார்கள். யோசித்தபோதுதான் விளங்கியது. பகலில் ஒளி இருக்கிறது. பாசியும் செடியும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது. ஆனால் சுவாசம் நிற்பதில்லை. மீனும் செடியும் பாசியும் பாக்டீரியாவும் ஒரே நீரிலுள்ள ஆக்சிஜனையே இரவெல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன. பாசி அளவுக்கு மீறிப் பெருகிய நீரில், விடியும் முன் மீனுக்குக் கிடைக்கும் பங்கு மிகவும் குறைந்துவிடுகிறது. அன்று மாலையே காற்றுக் குழாயை இரவிலும் ஓடவிட்டோம். விடியற்காலைத் தவிப்பு குறைந்தது. ஆனால் நீரின் பச்சை குறையவில்லை.

இனி என்ன செய்வது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். கடைக்காரர் ஒருவர் மயில்துத்தம் போடச் சொன்னதாக ஒரு தோழி கூறினாள். அதைப் போட்டால் பாசி சாகும் என்பது உண்மையே. ஆனால் மயில்துத்தத்திலுள்ள தாமிரம் நத்தைகளுக்குக் கொடிய நஞ்சு. அளவு சற்றுக் கூடினால் மீனுக்கும் ஆபத்து. மேலும், செத்த பாசி அழுகும்போது எஞ்சியிருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். மற்றொரு தோழி, “எல்லா நீரையும் கொட்டிவிட்டு, மணலையும் கல்லையும் தேய்த்துக் கழுவிவிடலாம்” என்றாள். பார்வைக்கு அது நல்ல வழியாகத்தான் தோன்றியது. ஆனால் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் கதி என்னாவது? மீன்களின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் அம்மோனியா வெளிப்படுகிறது. அது மீனுக்கே நஞ்சு. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. குளோரின் கலந்த குழாய் நீரில் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினால் அந்த வேலையாட்கள் அழிந்துபோவார்கள். அவர்கள் மீண்டும் பெருகப் பல வாரங்கள் ஆகும். அதுவரை நீர் பளிங்குபோல் தெரியும், மீன்களோ மடியும்.

“பாசியை அழிப்பது எப்படி என்றே கேட்கிறீர்கள். பாசிக்குச் சோறு போடுவது யார் என்று யாருமே கேட்கவில்லையே!” என்றார்கள் சிஸ்டர். அந்தக் கேள்விதான் எங்கள் கண்களைத் திறந்தது.

பாசிக்கு வேண்டியவை ஒளியும் உரமும். ஒளி கிழக்கு ஜன்னல் வழியாகத் தாராளமாக வந்தது. உரம் எங்கிருந்து வந்தது? மீன் கழிவு ஒன்று. அழுகிய இலைகள் மற்றொன்று. மிகுதியாக விழுந்த உணவு மூன்றாவது. இடைவேளையில் ஒன்றாம் வகுப்புச் சிறுமியர் கூட்டமாக வந்து, பொரியும் ரொட்டித் துண்டும் பிஸ்கட் தூளும் போட்டு மகிழ்வார்கள். அவ்வளவும் அன்பால் போட்டவை. ஆனால் மீன் தின்னாது விட்டவை எல்லாம் மணலில் தங்கி அழுகி, நைட்ரஜனாகவும் பாஸ்பரஸாகவும் நீரில் கரைந்தன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்துகிறது அல்லவா?

தொட்டிக்குப் பொருந்துவது ஏரிக்கும் பொருந்தும். 1973-ஆம் ஆண்டு கனடா நாட்டின் ஒன்ராறியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியின் குறுக்கே பெரிய பிளாஸ்டிக் திரையிட்டு, அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்து இட்டார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி பச்சைப் பசேலென்று மாறியது. மற்ற பாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படத்தைப் பார்த்தபோது, எங்கள் தொட்டியையே பெரிதாக்கிப் பார்ப்பதுபோல் இருந்தது.

வழி தெரிந்தபின் வேலையைத் தொடங்கினோம். நீர் நிறைந்த தொட்டியை நகர்த்த முற்பட்டால் கண்ணாடி விரிசல் விடும். ஆகவே ஜன்னலுக்குத் தடித்த பழுப்புத் தாள் ஒட்டினோம். பின்னர் ஒரு கறுப்புத் துணியால் தொட்டியை மூன்று நாட்கள் முழுவதும் மூடி வைத்தோம். காற்றுக் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒளியின்றி நீரில் மிதந்த நுண்பாசி பெரும்பாலும் மடிந்தது. நான்காம் நாள் துணியை எடுத்தவுடன், செத்த பாசி அழுகும் முன்பே கால்பங்கு நீரை, அதாவது 25 லிட்டரை, ரப்பர்க் குழாய் வழியே அடியிலிருந்து உறிஞ்சி வெளியேற்றினோம். அதற்கு ஈடாக, ஒரு நாள் முழுதும் வாளியில் திறந்து வைத்து குளோரின் நீங்கிய குழாய் நீரை ஊற்றினோம். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், வெளியேற்றிய தொட்டி நீரிலேயே மெதுவாகப் பிழிந்தெடுத்தோம், பாக்டீரியாக்கள் பிழைத்தன.

ஆனால் இருட்டடிப்பு மட்டும் போதாது. நீரில் கரைந்துள்ள உரத்தை வேறு யாரேனும் உண்டாக வேண்டும். இல்லையேல் பாசி மறுபடியும் வந்துவிடும். அதற்குச் செடிகளே துணை. வேகமாக வளரும் ஹைட்ரில்லாவையும் செரட்டோபில்லத்தையும் கொண்டுவந்து, நன்கு அலசி, கொத்துக் கொத்தாக நட்டோம். விளக்கை நாளொன்றுக்கு 6 மணி நேரம் மட்டுமே எரியவிட்டோம். சிறுமியரை விரட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே ஒன்றாம் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லி, ஒரு நாளுக்கு ஒரு சிறுமி என்று முறை வைத்தோம். தன் முறை வந்த சிறுமி, இரண்டு நிமிடத்திற்குள் மீன்கள் தின்று தீர்க்கும் அளவு ஒரு சிட்டிகை உணவு போடுவாள். மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டுவார்கள். பொரியும் ரொட்டியும் நின்றன.

மூன்றாம் வாரம் எங்களுக்குச் சோதனை வந்தது. நீர் ஓரளவு தெளிந்தது. ஆனால் வாலிஸ்நேரியா இலைகளில் பச்சை நூல்போல் வேறு வகைப் பாசி படரத் தொடங்கியது. கண்ணாடியிலும் வழவழப்பாக ஒரு படலம் பிடித்தது. “இத்தனை பாடும் வீண்தானா?” என்று சிலர் சோர்ந்துபோனோம். நூற்பாசியைப் பழைய பல்துலக்கியில் சுற்றிச் சுற்றி இழுத்து எடுத்தோம். இரண்டு நாளில் மீண்டும் வளர்ந்தது. அப்போது எங்கள் தோட்டக்காரத் தாத்தா எட்டிப் பார்த்து, “நத்தை இல்லாம குளம் ஏது பாப்பா?” என்று கேட்டார். மறுநாள் அல்லித் தொட்டியிலிருந்து சிறு நத்தைகள் பத்து கொண்டுவந்து கொடுத்தார். அவை கண்ணாடிப் படலத்தையும் அழுகிய இலைகளையும் ஓயாமல் மேய்ந்தன. நூற்பாசியை நாங்கள் கையால் எடுத்தோம். மற்றதை அவை பார்த்துக்கொண்டன.

பின்னர் நூலகத்தில் படித்தபோது பெரிதும் வியப்படைந்தோம். இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர் இதே சிக்கலைச் சந்தித்திருக்கிறார்! ஒரு கண்ணாடிக் கலத்தில் தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் வைத்து, மீனும் செடியும் ஒன்றையொன்று வாழவைக்குமா என்று அவர் ஆராய்ந்தார். அழுகிய இலைகளால் நீர் கெட்டு, பாசிப் படலம் பரவத் தொடங்கியது. அவர் அதில் குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகியவற்றைத் தின்றன, நீர் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகளும் மீனுக்கு இரையாயின. இவற்றை அவர் 1850-ஆம் ஆண்டு ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டார். அதைப் படிக்காமலே தாத்தா அறிந்திருந்தார். குளத்தைப் பார்த்து வளர்ந்தவர் அல்லவா!

ஆகஸ்ட் மாத நடுவில் ஒரு நண்பகல். ஹைட்ரில்லா இலைகளின் நுனியில் முத்து முத்தாக ஆக்சிஜன் குமிழிகள் கோத்து நின்றன. பின்புறக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தை வரை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மீன்களை எண்ணினோம்: 14. எஞ்சியவை அனைத்தும் பிழைத்துக்கொண்டன. செப்டம்பர் முதல் வாரத்தில் எண்ணியபோது கணக்குத் தவறியது. செடிகளுக்கிடையே ஊசி முனை போன்ற கண்களுடன் கப்பிக் குஞ்சுகள் ஒளிந்திருந்தன! தலைமை ஆசிரியை அம்மையார் வந்து நெடுநேரம் நின்று பார்த்தார்கள். “அலமாரிக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்” என்றார்கள். அதைவிடப் பெரிய பரிசு எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

தொட்டியில் இப்போதும் பாசி இருக்கிறது. கல்லின் மேல் மெல்லிய பச்சைப் பூச்சாக அது இருக்கத்தான் செய்யும். நத்தைக்கும் குஞ்சுகளுக்கும் அது உணவு. பாசியே இல்லாத குளம் உலகில் இல்லை. அது தன் அளவில் நிற்கும்படி பார்த்துக்கொள்வதே நம் வேலை.

அன்புள்ள ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே! மார்ச் மாதத்தோடு நாங்கள் விடைபெறுகிறோம். தொட்டியும் அதன் பதிவேடும் உங்கள் கைக்கு வருகின்றன. வாரம் ஒருமுறை கால்பங்கு நீர் மாற்றுங்கள். அழுகிய இலையைக் கண்டவுடன் கிள்ளி எடுங்கள். செடிகள் மிகுதியாக வளர்ந்தால் வெட்டி, ரோஜாப் பாத்தியின் எருக்குழியில் போடுங்கள். ஏரியிலோ குளத்திலோ எறிய வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை இன்று நம் நீர்நிலைகளை எப்படி மூடிக் கிடக்கிறது என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். முக்கியமாக, கோடை விடுமுறைக்கு முன் ஜன்னல் தாளைப் புதிதாக ஒட்டுங்கள்; விளக்கை நிறுத்தி, காற்றுக் குழாயை ஓடவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரே ஒரு சிட்டிகை உணவு போடும்படி தாத்தாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம். நீங்களும் ஒருமுறை நினைவூட்டிவிட்டு ஊருக்குச் செல்லுங்கள்.