‘மிஸ்ஸி’ வேலைதானே!

நம் நாட்டில் தாதியரை ‘மிஸ்ஸி’ என்று அழைப்பது வழக்கம். அன்போடு அப்படி அழைப்பவர்களும் உண்டு. இளக்காரமாகச் சொல்பவர்களும் உண்டு. பல்கலைக்கழகத்தில் தாதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான் அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள் நான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி தெரிந்ததும் உறவினர்கள் மகிழ்ந்தார்கள். எந்தத் துறை என்று சொன்னதும் குரல் மாறியது. “ஏன் பாப்பா, டாக்டருக்குக் கிடைக்கலையா?” என்றார் மாமா. “மிஸ்ஸி வேலைக்கு எதுக்கும்மா டிகிரி?” என்றார் அத்தை. “நைட் ஷிப்டெல்லாம் இருக்குமே, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க?” என்று பாட்டி கவலைப்பட்டார். கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால் அம்மா, “மகள் மெடிக்கல் லைன்ல படிக்கிறா” என்பதோடு நிறுத்திக்கொள்வார். என் படிப்பைப் பற்றி அம்மாவுக்கு வெட்கமில்லை. அடுத்து வரப்போகும் கேள்விக்குத்தான் பயம். அந்தக் கேள்விகளுக்கு ஓரளவாவது பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மருத்துவப் படிப்பு கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம்தான் தாதியியல் என்பது முதல் தவறான எண்ணம். மருத்துவமும் தாதிமையும் ஒரே ஏணியின் மேல்படியும் கீழ்ப்படியும் அல்ல. மருத்துவர் நோயைக் கண்டறிந்து சிகிச்சையை முடிவு செய்கிறார். அந்தச் சிகிச்சை நோயாளியின் உடலில் என்ன செய்கிறது என்பதை 24 மணி நேரமும் பார்த்துக்கொண்டிருப்பவர் தாதி. வார்டில் மருத்துவர் ஒரு கட்டிலருகே நிற்பது சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் அந்த உயிர் தாதியின் பொறுப்பில் இருக்கிறது. அதனால்தான் பட்டப்படிப்பில் 4 ஆண்டுகள் உடற்கூறும் மருந்தியலும் நோயியலும் படிக்கிறோம். படித்து முடித்தவுடன் வேலைக்குப் போய்விடவும் முடியாது. மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற வேண்டும். இதற்கென்று 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டமே இருக்கிறது.

இரண்டாவது எண்ணம், மனசும் பொறுமையும் இருந்தால் யாரும் செய்யக்கூடிய வேலை இது என்பது. ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 500 மில்லிலிட்டர் டிரிப்பை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும்; குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளிகள். அப்படியானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளிகள் விழ வேண்டும். இருதயம் பலவீனமானவருக்கு அது வேகமாக ஏறிவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கடிகாரத்தைப் பார்த்துத் துளியை எண்ணிக்கொண்டு நிற்பவரை, சும்மா நிற்கிறார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

“மலம், மூத்திரம் எல்லாம் எடுக்கணுமே, அருவருப்பா இல்லையா?” என்று தோழிகள் கேட்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டும். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது வெறும் துப்புரவு வேலை என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மலம் தார் போலக் கறுத்திருந்தால் இரைப்பையில் இரத்தம் கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும். எதனால் என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டர் சிறுநீர்கூட இறங்கவில்லை என்றால் சிறுநீரகம் தடுமாறுகிறதோ என்று பார்க்க வேண்டும். உடம்பு துடைத்துவிடும்போதுதான் இடுப்பில் படுக்கைப் புண் தொடங்குவதைக் காண முடியும். மற்றவர்கள் முகம் சுளிக்கும் வேலையில்தான் நாங்கள் நோயாளியின் உடம்பை வாசிக்கிறோம்.

சென்ற ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியின்போது எனக்கு இரவு ஷிப்ட். இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை. அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஒரு தாத்தா எங்கள் பக்கத்தில் படுத்திருந்தார். தோட்டத்தில் பால்வெட்டிய காலத்துக் கதைகளை மாலையில் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். பின்னிரவு 2 மணிக்கு அவருக்கு இரத்த அழுத்தம் சரியாக இருந்தது, காய்ச்சலும் இல்லை. ஆனால் மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணியபோது 26 வந்தது. இரவு 9 மணிக்கு அது 18-ஆக இருந்தது. என்னைப் பார்த்ததும் தாத்தா, “பால் நிறுக்க நேரமாச்சும்மா, என்னை ஏன் எழுப்பலை?” என்று படபடத்தார்.

பொறுப்பில் இருந்த மூத்த தாதி ஒரு மலாய்க்காரர். தாத்தா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். தூக்கக் கலக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட அவருக்கு மனமில்லை. தோட்டத்தில் இருப்பதாக நினைத்துப் பேசுகிறார், மாலையில் இப்படி இல்லை என்று நான் விளக்கினேன். மூச்சும் கூடியிருக்கிறது, நிதானமும் மாறியிருக்கிறது, உடனே மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மருத்துவர் வந்தார். நுரையீரலில் கிருமித் தொற்று தொடங்கியிருந்தது. உயிர்வாயுவும் மருந்தும் உடனே கொடுக்கப்பட்டன. விடியும்போது தாத்தாவின் மூச்சு தணிந்திருந்தது.

காலையில் மகன் வந்து மருத்துவரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அது நியாயமான நன்றிதான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “மிஸ்ஸி, சுடுதண்ணி எங்கே பிடிக்கிறது?” என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இரவு நடந்தது அவருக்குத் தெரியாது. தாதியின் வேலை ஒழுங்காக நடந்தால், நடக்கவிருந்த ஆபத்து நடக்காமல் போகிறது. நடக்காத ஒன்றை யாரால் பார்க்க முடியும்? எங்கள் உழைப்பின் மதிப்பு வெளியே தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் கணக்கெடுத்துப் பார்த்தால் அது தெரியும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கனும் குழுவினரும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது. பார்க்கும் கண்கள் குறைந்தால் உயிர்கள் போகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாவது எண்ணம் பாராட்டு வடிவில் வருவது. தாதியர் தேவதைகள், தியாகச் சுடர்கள் என்கிறோம். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது முன்களப் பணியாளர்கள் என்று போற்றாதவர்கள் இல்லை. 2024-இல் அரசு மருத்துவமனைகளில் ஷிப்ட் முறையில் வேலை செய்யும் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்தப்போவதாகச் செய்தி வந்தது. தாதியர் சங்கத்தினர் எதிர்த்தார்கள். “சேவைக்கு வந்தவங்க மணிக்கணக்குப் பார்க்கலாமா?” என்று என்னிடமே ஒருவர் கேட்டார். தேவதைக்குத் தூக்கம் தேவையில்லை, சம்பள உயர்வும் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும்! தமிழ்ப்பள்ளியில் நாம் படித்த ‘கைவிளக்கேந்திய காரிகை’ புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கும் இதுதான் நேர்ந்தது. கிரிமியப் போர்க்காலத்தில் அவர் ஏந்திய விளக்கு நம் நினைவில் இருக்கிறது. போர்க்காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் அதிகம் வீரர்கள் இறந்தார்கள் என்று அவர் 1858-இல் வரைபடம் போட்டுக் காட்டியது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பிரிட்டனின் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர். அன்பை நினைவில் வைத்தோம், அறிவை மறந்தோம்.

தமிழ் மரபு இந்த இரண்டையும் பிரிக்கவில்லை என்பது என் எண்ணம். திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு பகுதிகளாகப் பார்க்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். நால்வகையில் ஒன்றை எடுத்தாலும் மருத்துவம் இல்லை. தமிழகத்தில் இன்று தாதியைச் ‘செவிலியர்’ என்கிறார்கள். சங்க அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய், தலைவியின் மேனி மெலிவையும் நிறமாற்றத்தையும் கண்டு தோழியிடம் காரணம் கேட்பவள். உண்மை தெரிந்ததும் நற்றாய்க்கு எடுத்துச் சொல்பவள். கவனித்தல், விசாரித்தல், உரியவரிடம் சொல்லுதல். அந்த இரவில் மூத்த தாதி செய்ததும் இவைதாமே?

உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-இல் உலகில் 29.8 மில்லியன் தாதியர் இருந்தார்கள், இன்னும் 5.8 மில்லியன் பேர் தேவைப்பட்டார்கள். நம் நாட்டு வார்டுகளிலோ, வலியையும் பயத்தையும் தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்த முதியவர்கள் நிறையப் பேர் படுத்திருக்கிறார்கள். “நெஞ்சு கரிக்குது”, “தலை கிறுகிறுங்குது” என்று அவர்கள் சொல்வதன் பொருளைப் புரிந்துகொள்ள அருகில் ஒருவர் வேண்டும். மொழியைக் காப்போம் என்று மேடையில் பேசுகிறோம். அந்த மொழி ஓர் உயிரைக் காக்கும் இடம் வார்டில் இருக்கிறது.

நண்பர்களே, உங்கள் தம்பியோ தங்கையோ தாதியியல் படிக்க விரும்பினால், “டாக்டருக்குக் கிடைக்கலையா?” என்று கேட்காதீர்கள். கணக்கிலும் அறிவியலிலும் ஆர்வம் இருக்கிறதா, இரவில் விழித்திருக்க உடம்பு தாங்குமா, அடுத்தவர் வலியின் அருகே நிற்கத் துணிவு உண்டா என்று கேளுங்கள். வேலை கடினம், சம்பளம் போதாது என்ற உண்மையையும் சேர்த்தே சொல்லுங்கள். எல்லாம் தெரிந்த பிறகும் வருகிறேன் என்று சொல்பவர்கள் வரட்டும். அவர்களின் அம்மாக்கள் கல்யாண வீட்டில், “மகள் தாதியியல் படிக்கிறா” என்று தயங்காமல் சொல்லட்டும். அதற்கு அடுத்த கேள்வி, “எந்த வார்டும்மா?” என்று இருந்தால் போதும்.