வீடு தந்த ஊர்

பெல்ஜியம் நாட்டின் வடபகுதியில், ஆண்ட்வெர்ப் மாகாணத்தில், கேல் என்றோர் ஊர் உண்டு. ஏறத்தாழ 40,000 மக்கள் வாழும் இவ்வூரில் கண்ணைக் கவரும் மலையோ கடற்கரையோ இல்லை. ஆயினும், துன்புறுவோரோடு உடனிருப்பது எவ்வாறு என அறிய விழையும் கிறிஸ்தவக் குடும்பங்கள், மனத்தளவிலேனும் ஒருமுறை யாத்திரை சென்று வரத்தக்க ஊர் இது.

ஊரின் பாதுகாவலி புனித டிம்ப்னா. இவர் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அயர்லாந்து அரசகுமாரி என்பது மரபு. தாய் இறந்தபின், மதி பேதலித்த தந்தையின் முறைகேடான விருப்பத்திற்கு அஞ்சி, ஒரு குருவானவரின் துணையுடன் கடல் கடந்து கேல் வந்தடைந்தார். தேடி வந்த தந்தையின் வாளுக்கே இரையானார். ஆகவே சித்தம் கலங்கியோருக்கு இவரே துணை என மக்கள் நம்பலாயினர்.

இவர் பெயரால் 14ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கிய ஆலயம் இன்றும் நிற்கிறது. அதனை ஒட்டி நோயாளர் தங்க ஓர் இல்லமும் அமைந்தது. 9 நாள் அங்கே தங்கி நவநாள் செபம் செய்வது வழக்கம். கூட்டம் பெருகவே, இடமில்லாதோரை ஊரார் தம் வீடுகளில் ஏற்றனர். நவநாள் முடிந்தும் பலர் சுகமடையவில்லை. அவர்களை அழைத்துச் செல்ல எவரும் வரவுமில்லை. அவர்கள் அவ்வீடுகளிலேயே தங்கிவிட்டனர். வயலில் உழைத்தனர், குழந்தைகளைத் தாலாட்டினர், குடும்பத்தோடு ஒரே மேசையில் உண்டனர். புனிதையிடம் கேட்ட சுகம் கிட்டாதவர்க்கு, புனிதையின் ஊரில் ஒரு வீடு கிட்டியது.

எல்லாம் குறையின்றி நடந்தன என்பதற்கில்லை. முற்காலத்தில் சிலர் காலில் விலங்கு பூட்டப்பட்டதும் உண்டு. 1850இல் அரசு இதனைத் தன் மேற்பார்வையில் ஏற்றது. 1862இல் மருத்துவமனை ஒன்றும் எழுந்தது. வீட்டுக்கு அனுப்புமுன் நோயாளரை மருத்துவர் ஆராய்வதும், குடும்பத்திற்குச் சிறு உதவித்தொகை வழங்குவதும் முறையாயின. 1938இல் இங்ஙனம் வீடுகளில் வாழ்ந்தோர் 3,700க்கும் மேற்பட்டோர். புதிய மருந்துகள் வந்தமையாலும், குடும்பங்கள் சுருங்கியமையாலும் இன்று அத்தொகை 200க்கும் கீழே குறைந்துள்ளது. எனினும் 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் இம்மரபினைப் பிறர் பின்பற்றத்தக்க நன்முறையாகப் பதிவு செய்தது.

கேல் மக்கள் இவர்களை நோயாளர் என்று அழைப்பதில்லை. வீட்டில் உண்டு உறைபவர் என்னும் பொருளுடைய சொல்லாலேயே அழைக்கின்றனர். நோயின் பெயரைக் குடும்பத்தாருக்குச் சொல்லாமலிருப்பதே நெடுங்கால வழக்கம். வருபவரை நோயாகப் பாராமல் மனிதராகப் பார்க்க அது உதவிற்று.

அங்கே நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தி நம் சிந்தைக்குரியது. ஒரு வீட்டில் தங்கியிருந்தவர், நாள்தோறும் தம் சட்டைப் பொத்தான்களைத் திருகிப் பிய்த்துவிடுவார். வீட்டுத் தலைவி ஒவ்வோர் இரவும் அவற்றை மீண்டும் தைத்து வைப்பாள். அறுபடாத மீன்பிடி நரம்பால் தைத்துவிடலாமே என்று விருந்தாக வந்த பெண்மணி யோசனை கூறினாள். தலைவி உடன்படவில்லை. பொத்தானைத் திருகுவது அவருக்குத் தேவையாயிருக்கிறது, அதைத் தடுப்பது அவருக்குத் தீங்கு என்பதே அவள் கருத்து. மறுநாளிரவும் ஊசியும் நூலுமாக அமர்ந்தாள்.

துன்புறுவோரைக் கண்டால் உடனே திருத்தவும் அறிவுரை கூறவும் நம் நாவு முந்துகிறது. நம்மால் மாற்ற இயலாதென்று கண்டதும் மெல்ல விலகிவிடுகிறோம். அத்தாயோ மாற்றவும் முயலவில்லை, விலகவும் இல்லை. பிறரன்பு என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு வேலைதான். நாளையும் செய்ய வேண்டிய வேலை.

அன்பான வாசகர்களே, நம் பங்கிலும் மனநோயால் வாடும் ஒருவரை உள்ளறையில் வைத்து, ஊர் வாய்க்கு அஞ்சிக் கதவடைத்து வாழும் குடும்பம் இருக்கலாம். மகளின் திருமணம் தடைப்படுமோ என்று அந்தத் தாய் கலங்கக்கூடும். திருப்பலிக்கு வந்தாலும் கடைசி வரிசையிலேயே நிற்கக்கூடும். வரும் ஞாயிறு அவர்களருகே சென்று அமருங்கள். அந்த நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரியுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் துணைக்குச் செல்லுங்கள். ஒரு பிற்பகல் அவரைப் பார்த்துக்கொண்டு, அத்தாயைச் சற்று உறங்க விடுங்கள். கிறிஸ்மஸ் விருந்துக்கு அழைக்கும்போது, "எல்லோரும் வாருங்கள்" என்று சொல்லி, அந்த எல்லோருள் அவரும் உண்டு என்பது விளங்கும்படி அவர் முகம் பார்த்து அழையுங்கள்.