இருபது மில்லிமீட்டர் களிமண்

பி.இ. சிவில் முடித்துவிட்டு எம்.இ. சேரப்போகிறேன் என்றதும் வீட்டில் எழுந்த கேள்வி, "இன்னும் ரெண்டு வருஷம் படிச்சு அதிலே என்னப்பா புதுசா இருக்கு?" என்பதுதான். அதற்கு விடை கிண்டி பொறியியல் கல்லூரியின் மண் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது.

இளநிலைத் தேர்வுத் தாளில் மண்ணின் குணங்களெல்லாம் கேள்வியிலேயே எண்களாக அச்சாகியிருக்கும். சூத்திரத்தில் போட்டு விடையை எழுதினால் போதும். முதுநிலையில் அந்த எண்களையே மண்ணிடம் கேட்டு வாங்க வேண்டும். மண் அவசரப்படாது.

களிமண்ணின் இறுக்கச் சோதனையைச் சொல்கிறேன். அறுபது மி.மீ. விட்டமும் இருபது மி.மீ. உயரமும் உள்ள வளையத்தில் களிமண் மாதிரி. மேலும் கீழும் நுண்துளைக் கற்கள். எடையை ஏற்றிவிட்டு டயல் கேஜ் முள்ளைப் பார்த்துக் குறிக்க வேண்டும்: கால் நிமிடத்தில், ஒரு நிமிடத்தில், நான்கில், ஒன்பதில். பிறகு முள் நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. ஓர் எடைக்கு 24 மணி நேரம். மறுநாள் எடையை இரட்டிப்பாக்கி, மறுபடியும் முதலிலிருந்து. ஒரு மாதிரியை முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிடும்.

அந்தக் காத்திருப்பில்தான் எனக்குப் பாடம் புரிந்தது. எடை ஏறியதும் அதை முதலில் தாங்குவது மண் துகள்கள் அல்ல, இடுக்குகளில் இருக்கும் நீர். நீர் கசியக் கசிய, சுமை துகள்களுக்குக் கைமாறுகிறது, மண் அமிழ்கிறது. இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்தபடி இதைச் சோதித்தறிந்த கார்ல் டெர்சாகி, 1925-இல் நூலாக வெளியிட்டார். நவீன மண் இயக்கவியலின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீர் வெளியேற ஆகும் நேரம், அது கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வளையத்தில் 90 சதவீத அமிழ்வுக்கு 20 நிமிடம் ஆனதென்று வைத்துக்கொள்வோம். அதே களிமண் தரைக்கடியில் நான்கு மீட்டர் தடிமனில், மேலும் கீழும் மணலோடு இருந்தால், தடிமன் 200 மடங்கு, நேரம் 40,000 மடங்கு. அதாவது ஒன்றரை வருஷம். கீழே மணலுக்குப் பதிலாக நீர் புகாத பாறை இருந்தால் நீருக்கு ஒரே வழிதான். நேரம் இன்னும் நான்கு மடங்காகி ஆறு வருஷம். கட்டடம் எழும்பி, வர்ணம் பூசி, குடிவந்த பிறகும் அது இறங்கிக்கொண்டே இருக்கும்! இதைக் கணக்கிட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. களிமண்ணுக்குள் மணல் வடிகால்களை நெருக்கமாக இறக்குவதன் சூட்சுமமும் இதுதான்: நீருக்குப் பாதையைக் குறுக்கிவிட்டால் வருஷங்கள் மாதங்களாகும்.

இன்று பல இடங்களில் எம்.இ. புராஜெக்ட் என்றாலே கணினியில் மாதிரி வரைவது என்றாகிவிட்டது. மென்பொருள் வேண்டும்தான். ஆனால் அதற்குக் கொடுக்கும் எண் எந்தக் குழியிலிருந்து, எப்படி வந்தது என்று அறியாதவர், அது தரும் விடையை எதை வைத்து நம்புவார்?

இப்போது நான் மண் பரிசோதனைக்குப் போகும் மனைகளில் உரிமையாளர்கள், "பக்கத்து பிளாட் ரிப்போர்ட் இருக்கே சார், அதையே வச்சுக்கலாமே" என்பார்கள். செலவு அவர்களுடையது, அந்த வருத்தம் புரிகிறது. எனவே தரையில் குச்சியால் படம் போட்டு, அந்த ஒன்றரை வருஷத்தையும் ஆறு வருஷத்தையும் விளக்குவேன். களிமண் முடிந்து அதன் கீழே இருப்பது மணலா பாறையா என்று தெரியும்வரை துளையிடுவதை நிறுத்தச் சம்மதிப்பதில்லை.