லாண்டரியில் பிறந்த தோட்டா

வடக்கு கலிஃபோர்னியாவின் ஓரோவில், 770 அடி உயர அணைக்குப் பேர்போன ஊர். வேட்டைக்காரர்களைக் கேட்டால் ஒரு லாண்டரியைச் சொல்வார்கள்! 1943-ல், அப்பாவின் லாண்டரி பின்னறையில்தான் ஃபிரெட் ஹண்டிங்டன் வேலையைத் தொடங்கினார். சுட்டுப்போட்ட .22 தோட்டாக்களின் காலிக் கூட்டுக்குள் ஈயம் வைத்து அழுத்தி, புதுக் குண்டு செய்யும் கருவி அது. 'ராக் சக்' என்ற மலை விலங்கை வேட்டையாட உருவானதால் 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்', சுருக்கமாக ஆர்.சி.பி.எஸ்.

வீட்டில் தோட்டா நிரப்பத் தொடங்குபவருக்கு அங்கே தராசும் அளவுக் கையேடும்தான் முதல் செலவு. மருந்து கூடிப்போனால் துப்பாக்கியே வெடிக்கும்.

இப்போது அங்கே ஈயத்துக்கே சிக்கல். வேட்டை மிச்சத்தைத் தின்னும் காண்டோர் கழுகுகளை ஈய விஷம் கொல்கிறது. 1982-ல் மிஞ்சியவை வெறும் 22! அதனால் 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக்குண்டு கூடாது. ஓரோவில்காரரும் செம்புக் குண்டுதான் வாங்க வேண்டும். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.